வீட்டை மகள் பெயருக்கு எழுதிவைத்தால், எங்களுக்குப் பிறகு மகனுக்குப் பாதுகாப்பு கிடைத்துவிடுமா?

அம்மா, நீங்கள் எழுதியதிலிருந்து நான் புரிந்துகொண்டது இது. உங்கள் கணவருக்கு 64 வயது, பொன்மலை ரயில்வே பணிமனையில் இருந்து ஓய்வு பெற்றவர். அவருடைய சம்பாத்தியத்தில், அவர் பெயரில் வாங்கிய வீடு ஒன்று திருச்சியில் இருக்கிறது. மாடி போர்ஷனை வாடகைக்கு விட்டிருக்கிறீர்கள். மகள் திருமணமாகி கோவையில். மகனுக்கு 27 வயது, டவுன் சிண்ட்ரோம், அறிவுசார் குறைபாடு 75 சதவீதம் என்று சான்றிதழ் இருக்கிறது. "தம்பியைக் கடைசிவரை பார்த்துக்கொள்ள வேண்டும்" என்று ஒரு வரி சேர்த்து வீட்டை மகளுக்கு இப்போதே செட்டில்மென்ட் எழுதிவிடலாமா, இல்லை உயில் எழுதுவதா என்பது உங்கள் கேள்வி. நடுவில் உங்கள் மைத்துனர், மகன் பெயருக்கே எழுதிவிட்டால் யாரும் தொட முடியாது என்று சொல்லியிருக்கிறார்.

கேட்டது பத்திரத்தைப் பற்றி. ஆனால் உங்களுக்குத் தெரிய வேண்டியது வேறு: நீங்கள் இருவரும் இல்லாதபோது யார் அவனோடு இருப்பார், அவனுக்கான பணம் யார் கையில் இருக்கும், அந்தக் கையைக் கேள்வி கேட்கும் உரிமை யாருக்கு இருக்கும். நம் குடும்பங்களில் இந்த மூன்று வேலையையும் ஒரே ஆள் தலையில் கட்டி, அதை ஒரே பத்திரத்தில் முடித்துவிடுகிறோம். நான் திருச்சிப் பக்கம் சிவில் வழக்குகள் நடத்துகிற வழக்கறிஞன். பாகப்பிரிவினை, பாதுகாவலர் மனு என்று என்னிடம் வந்து சிக்கலாகி நிற்கிற விவகாரங்களில் பெரும்பாலானவற்றுக்கு மூலம் இதுதான். அந்த அனுபவத்தில் இருந்து சொல்கிறேன். நீங்கள் இந்துக் குடும்பம் என்று எடுத்துக்கொள்கிறேன். கிறிஸ்தவர்களுக்கும் முஸ்லிம்களுக்கும் வாரிசுரிமை வேறு.

முதலில் செட்டில்மென்ட். குடும்பத்துக்குள் என்றால் முத்திரைத் தீர்வை ஒரு சதவீதம்தான், அதற்கும் உச்சவரம்பு உண்டு. பத்திர எழுத்தரும் ஒரே நாளில் வேலையை முடித்துத் தருவார். அதனால் எல்லோரும் அங்கேதான் ஓடுகிறார்கள். ஆனால் பதிவு முடிந்த அன்றே வீடு உங்கள் மகளுடையது. நினைத்தபோது ரத்து செய்ய முடியாது. "பெற்றோரைப் பார்க்காத பிள்ளையிடமிருந்து சொத்தைத் திரும்ப வாங்கலாமே" என்று நீங்கள் கேட்கலாம். 2007-ஆம் ஆண்டு மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தின் 23-வது பிரிவு அதற்குத்தான் இருக்கிறது, ஆர்.டி.ஓ.விடம் (வருவாய்க் கோட்டாட்சியர்) மனு கொடுக்கலாம். பார்த்துக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனையோடு எழுதிக் கொடுத்ததை நிரூபிக்க வேண்டும் என்று 2022-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2025 தொடக்கத்தில் வந்த இன்னொரு தீர்ப்பு, இது முதியவர்களின் நலனுக்கான சட்டம், தாராளமாகப் பொருள்கொள்ள வேண்டும் என்றது. ஆகவே உங்கள் கணவருக்குப் பிடிமானம் இருக்கிறது, வழக்கின் முடிவை மட்டும் முன்கூட்டிச் சொல்ல முடியாது. பலர் கவனிக்காத விஷயம் இதற்கு அடுத்தது: அந்தப் பிரிவு சொத்தை எழுதிக் கொடுத்த முதியவருக்கான பாதுகாப்பு. உங்கள் மகன் எதையும் எழுதிக் கொடுத்தவரும் அல்ல, மூத்த குடிமகனும் அல்ல. நீங்கள் இருவரும் போன பிறகு, "தம்பியைப் பார்த்துக்கொள்ள வேண்டும்" என்ற அந்த ஒரு வரியை வைத்துக்கொண்டு ஆர்.டி.ஓ. ஆபீஸுக்கு யார் போவது? சிவில் நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டும், அதற்கும் அவன் சார்பில் ஒருவர் வேண்டும். பார்த்துக்கொள்ள வேண்டிய அக்காவே எதிர்க்கட்சி.

மகள் தங்கமானவள், அப்படி நடக்காது என்பீர்கள். நானும் அவள் மேல் சந்தேகப்படவில்லை. ஆனால் நல்ல மகளுக்கும் உயிர் ஒன்றுதான். தம்பிக்கு முன் அவளுக்கு ஏதாவது நேர்ந்தால், இந்து வாரிசுரிமைச் சட்டப்படி அவள் சொத்து கணவருக்கும் பிள்ளைகளுக்கும் போகும். அவர்கள் இருக்கும்போது கூடப் பிறந்தவனுக்கு அதில் ஒன்றும் வராது. எனக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தில் இது நடந்தது. அண்ணன் பெயருக்கு வீட்டை எழுதினார்கள், அவரும் தம்பியை நன்றாகத்தான் பார்த்தார். திடீரென்று மாரடைப்பில் போய்விட்டார். அண்ணி கெட்டவர் அல்ல. இரண்டு பெண்களைப் படிக்கவைக்க வேண்டும், கடன் இருந்தது, வீட்டை விற்றார். சட்டப்படி அதில் ஒரு தப்பும் இல்லை. தம்பி இப்போது இருப்பது ஒரு இல்லத்தில், அந்தச் செலவைக் கட்டுவது தாய்மாமன்.

மைத்துனர் சொன்னது பாதி உண்மை. மகன் பெயரில் இருந்தால் யாரும் எளிதில் தொட முடியாதுதான், அவனுக்கு உதவி செய்ய வருகிறவர்களும் தொட முடியாது. சொத்து வைத்திருக்க அவனுக்கு முழு உரிமை உண்டு. 1956-ஆம் ஆண்டு வாரிசுரிமைச் சட்டத்தின் 28-வது பிரிவு, நோயோ குறையோ இருப்பதற்காக யாருக்கும் வாரிசுரிமை போகாது என்கிறது. 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டமும் அதையே இன்னும் அழுத்தமாகச் சொல்கிறது. எந்த ஏற்பாடும் செய்யாமல் உங்கள் கணவர் காலமானால்கூட (மாமியார் உயிரோடு இல்லை என்று வைத்துக்கொள்கிறேன்) உங்களுக்கு, மகளுக்கு, மகனுக்கு என்று ஆளுக்கு மூன்றில் ஒரு பங்கு வந்துவிடும். வாரிசுச் சான்றிதழில் அவன் பெயர் இருக்கும். சிக்கல் அதற்கு அடுத்த நாள் ஆரம்பிக்கும்: விற்க, அடமானம் வைக்க, பாகம் பிரிக்க என எதற்குப் போனாலும் அவன் சார்பில் கையெழுத்துப் போடுவது யார் என்று சார்பதிவாளர் கேட்பார்.

என் யோசனை உயில்தான். அதிலும் "எல்லாம் மகளுக்கு" அல்லது "சரிபாதி" என்று முடிகிற உயில் வேண்டாம். உங்கள் கணவருக்குப் பின் நீங்கள் வாழும்வரை வீடு உங்கள் அனுபவத்தில். உங்களுக்குப் பின் மகன் ஆயுள் உள்ளவரை அதில் குடியிருக்கவும் வாடகையை அவன் செலவுக்கு எடுத்துக்கொள்ளவும் உரிமை. அவன் காலத்துக்குப் பின் வீடு முழுமையாக மகளுக்கோ அவள் பிள்ளைகளுக்கோ. இதைத்தான் ஆயுள்கால உரிமை என்கிறோம். இதில் அவன் காலத்தில் யாரும் வீட்டை விற்றுவிட முடியாது, மகளுக்கும் கடைசியில் கைவிட்டுப் போகாது. அதோடு ஒரு ஷரத்தைக் கட்டாயம் சேர்க்கச் சொல்லுங்கள்: அவனை இல்லத்தில் சேர்க்க வேண்டி வந்தாலோ, வீடு இற்றுப்போனாலோ, விற்கும் அதிகாரம் உயிலை நிறைவேற்றுபவருக்கு உண்டு, விற்ற பணம் வைப்புநிதியில் போடப்பட்டு அதன் வட்டி அவன் செலவுக்கு மட்டும் போக வேண்டும். இது இல்லாத ஆயுள்கால உரிமை, இருபது வருஷம் கழித்து ஒழுகுகிற வீட்டையும் அதைப் பழுது பார்க்கப் பணமில்லாத பாதுகாவலரையும்தான் மிச்சம் வைக்கும்.

உயிலுக்கு முத்திரைத்தாள் தேவையில்லை, பதிவும் கட்டாயமில்லை; ஆனாலும் பதிவு செய்துவிடுங்கள். இரண்டு சாட்சிகள் வேண்டும். இருவரும் உங்கள் கணவர் கையெழுத்துப் போடுவதைப் பார்த்துவிட்டுத் தாங்களும் போட வேண்டும். அவரைவிட வயதில் சின்னவர்களாக, சொத்தில் பங்கில்லாதவர்களாகப் பாருங்கள். குடும்ப டாக்டர் சாட்சியாக வந்தால் ரொம்ப நல்லது; "சுயநினைவோடு எழுதவில்லை" என்ற பேச்சு பின்னால் எழாது. உங்கள் பெயரில் நகையோ டெபாசிட்டோ இருந்தால் நீங்களும் தனியாக ஓர் உயில் எழுதுங்கள். நாமினி போட்டிருக்கிறோமே என்று விட்டுவிடாதீர்கள். வங்கி டெபாசிட்டில் நாமினி என்பவர் பணத்தை வாங்கும் உரிமை உள்ளவர்தான், சொந்தக்காரர் ஆகிவிட மாட்டார்.

உயிலில் எழுத முடியாத ஒன்று, பாதுகாவலர் நியமனம். மைனர் குழந்தைக்கு உயில் மூலம் பாதுகாவலரை நியமிக்கலாம். உங்கள் மகன் மேஜர். 18 வயது முடிந்த அன்றே, பெற்றோர் என்ற முறையில் உங்களுக்கு இருந்த இயல்பான பாதுகாவலர் நிலை முடிந்துவிட்டது. இத்தனை நாள் வங்கியிலும் ஆஸ்பத்திரியிலும் உங்களைக் கேட்காமல் விட்டது பழக்கத்தினால். ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு ஆகிய நான்குக்கும் 1999-ஆம் ஆண்டு தேசிய அறக்கட்டளைச் சட்டம் நீதிமன்றம் போகாமலே வழி செய்திருக்கிறது. மாவட்ட ஆட்சியர் தலைமையில் உள்ளூர் அளவிலான குழு ஒன்று இருக்கிறது. பதிவு பெற்ற தொண்டு நிறுவனப் பிரதிநிதி ஒருவரும் மாற்றுத்திறனாளி ஒருவரும் அதில் உறுப்பினர்கள். முதல் மனுவை நீங்களும் கணவரும் கொடுங்கள், நீங்களே சட்டப்பூர்வப் பாதுகாவலர் ஆகுங்கள். உங்களுக்குப் பின் மகள் புதிதாக விண்ணப்பிக்க வேண்டிவரும். ஆனால் கோப்பு ஏற்கெனவே இருக்கிற இடத்தில் பெயர் மாற்றுவது, ஒன்றுமில்லாத இடத்தில் தொடங்குவதைவிட எவ்வளவோ எளிது. கலெக்டர் ஆபீஸில் கூட்டம் எப்போது கூடும் என்பது அந்தந்த மாவட்டத்தின் சுறுசுறுப்பைப் பொறுத்தது. மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் நேரில் போய்க் கேட்டுக்கொண்டே இருங்கள்.

இந்தச் சட்டத்தில் எனக்குப் பிடித்த பகுதி, அது பாதுகாவலரைக் கணக்குக் கேட்பது. நியமனமான ஆறு மாதத்துக்குள் அவனுடைய சொத்துப் பட்டியலைக் கொடுக்க வேண்டும். ஒவ்வொரு நிதியாண்டும் முடிந்து மூன்று மாதத்துக்குள் வரவு செலவுக் கணக்கு. கவனிக்காமல் விட்டாலோ சொத்தைத் தின்றாலோ, பெற்றோரோ உறவினரோ பதிவு பெற்ற அமைப்போ மனு கொடுத்து அவரை நீக்கலாம். தெளிவில்லாத இடமும் இருக்கிறது. இந்தக் குழுவின் உத்தரவை மட்டும் வைத்து அவன் பெயரில் உள்ள வீட்டை விற்கலாமா என்பதில் அலுவலகத்துக்கு அலுவலகம் பதில் மாறுகிறது, பல சார்பதிவாளர்கள் நீதிமன்ற அனுமதி கேட்கிறார்கள். முழு உரிமையை அவன் பெயரில் வைக்காமல் ஆயுள்கால உரிமை மட்டும் கொடுக்கச் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம். வங்கியில் இந்தச் சிக்கல் இல்லை. உள்ளூர் அளவிலான குழு கொடுத்த பாதுகாவலர் சான்றிதழை ஏற்றுக் கணக்கு நடத்தலாம் என்று ரிசர்வ் வங்கி 2007-லேயே சுற்றறிக்கை அனுப்பியிருக்கிறது. கவுன்ட்டரில் மறுத்தால் மேலாளரிடம் அதைச் சொல்லுங்கள்.

நீங்கள் கேட்காததும், வீட்டைவிட முக்கியமானதுமான ஒன்று கணவரின் பென்ஷன். சம்பாதித்துப் பிழைக்க முடியாத அளவுக்குக் குறைபாடு உள்ள பிள்ளைக்கு, பெற்றோர் இருவருக்கும் பின், ஆயுள் முழுவதும் குடும்ப ஓய்வூதியம் உண்டு. கடைசிச் சம்பளத்தில் 30 சதவீதம், குறைந்தது 9,000 ரூபாய், அதன்மேல் அகவிலைப்படி. விலைவாசியோடு சேர்ந்து ஏறும், யாரும் விற்க முடியாது, ஏமாற்றி எழுதி வாங்கவும் முடியாது. இதைவிட நல்ல சொத்தை நீங்கள் அவனுக்கு வைத்துவிட்டுப் போக முடியாது. ஆனால் தானாக வராது. உங்கள் கணவர் இருக்கும்போதே விண்ணப்பித்து பி.பி.ஓ.வில் (ஓய்வூதியம் வழங்கும் உத்தரவு) மகன் பெயரைச் சேர்க்க வேண்டும். உங்களிடம் இருக்கும் 75 சதவீதச் சான்றிதழ் மட்டும் போதாது. இந்தக் குறைபாட்டோடு சொந்தமாகப் பிழைப்பு நடத்த முடியாது என்று மருத்துவக் குழு எழுதித் தர வேண்டும், நிரந்தரக் குறைபாடு என்ற வார்த்தையும் அதில் இருக்க வேண்டும். அவன் சார்பில் பென்ஷனை வாங்குவது யார் என்று கணவர் நாமினேஷன் கொடுக்கலாம். உள்ளூர் அளவிலான குழுவின் சான்றிதழும் செல்லும். நீதிமன்றத்தில் பாதுகாவலர் உத்தரவு வாங்கி வா என்று வங்கி அலைக்கழிக்கக் கூடாது என்று மத்திய அரசே சொல்லியிருக்கிறது.

பென்ஷனும் வீடும் ஒன்றையொன்று தொடுகிற இடத்தைக் கவனியுங்கள். பிள்ளையின் மற்ற வருமானம், அந்தக் குடும்ப ஓய்வூதியமும் அகவிலைப்படியும் சேர்ந்த தொகையைவிடக் குறைவாக இருந்தால்தான் தகுதி. கடைசிச் சம்பளம் 50,000 என்றால் 15,000 ரூபாயும் அதற்கான அகவிலைப்படியும்தான் வரம்பு. மாடி வாடகை மட்டும் வந்தால் ஒன்றுமில்லை. முழு வீட்டையும் வாடகைக்கு விட்டு, பெரிய டெபாசிட்டையும் அவன் பெயரில் போட்டு, இரண்டும் சேர்ந்து வரம்பைத் தாண்டினால், இரண்டாயிரம் மூவாயிரம் கூடுதலுக்காக ஆயுள் பென்ஷனை இழக்க நேரிடும். மைத்துனரின் யோசனையில் மறைந்திருக்கும் பள்ளம் இது.

டிரஸ்ட் வைக்கலாம் என்று யாராவது சொல்லியிருப்பார்கள். 1882-ஆம் ஆண்டு சட்டப்படி தனியார் டிரஸ்ட் அமைத்து, மகளையும் உறவினர் ஒருவரையும் வெளியாள் ஒருவரையும் டிரஸ்டிகளாகப் போடலாம்; மூன்று வேலையையும் மூன்று பேரிடம் பிரித்துக் கொடுக்க அதைவிட நல்ல வழி இல்லை. ஆனால் தனி பான் கார்டு, வருடா வருடம் ஆடிட்டர், ரிட்டர்ன் என்று செலவு இருக்கிறது. பத்திரத்தில் வாசகம் பிசகினால் உச்ச விகிதத்தில் வரி விழும். பல வாடகைக் கட்டடங்களோ பெரிய ரொக்கமோ உள்ள குடும்பத்துக்கு அது சரி. ஒரு வீடும் ஒரு பென்ஷனும் உள்ள உங்களுக்கு இப்போது தேவையில்லை என்பது என் அபிப்பிராயம். வரிக் கணக்கு என் துறை அல்ல, அதை ஆடிட்டரிடம் கேட்டு முடிவு செய்யுங்கள்.

இவ்வளவும் நீங்கள் இறந்த பிறகு நடப்பவை. அதற்கு முன்பே படுக்கையில் விழுந்தால்? உயில் உயிரோடு இருக்கும்போது வேலை செய்யாது. பவர் (உங்கள் சார்பில் செயல்பட இன்னொருவருக்கு அதிகாரம் தரும் பத்திரம்) எழுதி வைத்திருந்தாலும், எழுதிக் கொடுத்தவருக்குப் புத்தி தெளிவு போய்விட்டால் அந்தப் பவர் செல்லாது. நம் ஒப்பந்தச் சட்டம் அப்படித்தான் இருக்கிறது. மகனுக்காகச் சொன்ன உள்ளூர் அளவிலான குழு, மறதி நோய் வந்த பெரியவருக்கோ பக்கவாதத்தில் நினைவிழந்தவருக்கோ உதவாது. அவர்களுக்காகக் குடும்பத்தினர் உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு போட்டுத்தான் உத்தரவு வாங்குகிறார்கள். அதனால் பென்ஷன் கணக்கைக் கணவன் மனைவி இருவரில் யார் வேண்டுமானாலும் எடுக்கலாம் என்ற ஜாயின்ட் கணக்காக மாற்றுங்கள், டெபாசிட்டுகளையும் அப்படியே. மகனின் மாத்திரைக்கும் பயிற்சிப் பள்ளிக்குமான பணம், உங்களில் ஒருவர் ஐ.சி.யூ.வில் இருந்தாலும் நிற்கக் கூடாது.

மகளிடம் பேசியிருக்கிறீர்களா என்பது உங்கள் கேள்வியில் இல்லை. பேசுங்கள், மாப்பிள்ளையையும் உட்காரவைத்துப் பேசுங்கள். "பார்த்துக்குவியாம்மா?" என்று கேட்டால் எந்த மகளும் "பார்த்துக்கிறேன்" என்றுதான் சொல்லுவாள். அதனால் இப்படிக் கேளுங்கள்: தம்பி உன் வீட்டிலேயே இருப்பானா, அல்லது இங்கேயே ஆள் வைத்து மாதம் ஒருமுறை நீ வந்து பார்ப்பாயா, அல்லது நல்ல இல்லத்தில் சேர்த்துப் பணமும் மேற்பார்வையும் மட்டும் உன்னுடையதா? மூன்றாவதைத் தேர்ந்தெடுத்தால் அவளைக் குறையாக நினைக்காதீர்கள். தெளிவாகத் தெரிந்த சின்னப் பொறுப்பு, வாய் நிறையச் சொன்ன பெரிய வாக்கைவிட நம்பகமானது. இல்லம்தான் என்றால், 2016-ஆம் ஆண்டு சட்டப்படி பதிவு பெற்ற இல்லமா என்று சான்றிதழைக் கேட்டுப் பாருங்கள். நீங்கள் இருக்கும்போதே அவனை ஒரு வாரம், பிறகு இரண்டு வாரம் தங்கவைத்துப் பழக்குங்கள். அம்மாவின் சாவுக்கு மறுநாள் புது இடத்துக்குப் போகிற பிள்ளைக்கு இரண்டு இழப்பும் ஒன்றாக வந்து சேரும்.

ஒரு நோட்டும் போடுங்கள், இதற்குச் சட்ட மதிப்பு ஒன்றும் இல்லை, ஆனால் பாதுகாவலராக வந்தவர்கள் முதலில் தேடுவது இதைத்தான். ஒரு தாய் எழுதிய நோட்டைப் பார்த்திருக்கிறேன்: தைராய்டு மாத்திரை வெறும் வயிற்றில், பேர் சொல்லிக் கொடுத்தால்தான் வாங்குவான், பால் ஆறிய பிறகு அவனுடைய எவர்சில்வர் டம்ளரில், பல் வலித்தால் சொல்ல மாட்டான், சாதத்தை ஒதுக்குவான், கூட்டத்தில் கையைப் பிடித்து இழுத்தால் உட்கார்ந்துவிடுவான், பக்கத்தில் நின்று "போலாமா" என்றால் வருவான். எந்த வக்கீலும் எழுதித் தர முடியாத பத்திரம் அது. கடைசிப் பக்கத்தில் யு.டி.ஐ.டி. (மாற்றுத்திறனாளி அடையாள அட்டை) எண், டாக்டர் பெயர், உயில் இருக்கும் இடம், பி.பி.ஓ. எண், நிராமயா காப்பீட்டைப் புதுப்பிக்கும் தேதி. அந்தக் காப்பீடு இன்னும் எடுக்கவில்லை என்றால் எடுங்கள். தேசிய அறக்கட்டளை நடத்துவது, ஒரு லட்சம் ரூபாய் வரை கிடைக்கும், வருடா வருடம் புதுப்பிக்க வேண்டும்.

வரிசை என்று கேட்டால்: முதலில் பென்ஷன் மனு, அதோடு பாதுகாவலர் மனு, பிறகு உயில். செட்டில்மென்ட்டுக்கு நாள் குறித்திருந்தால் அதைத் தள்ளிப்போடுங்கள். வீட்டின் மேல் கடன் பாக்கி இருக்கிறதா, மனை உங்கள் மாமனார் வழியில் வந்ததா என்ற இரண்டையும் எழுதுங்கள். பூர்வீக மனை என்றால், கணவர் தன் பங்குக்கு மட்டும்தான் உயில் எழுத முடியும்; நான் மேலே சொன்ன உயிலின் வாசகம் அப்போது மாறும்.